பாப்பா தலையில் பழத்தட்டு

1

வெளிநாட்டுக்குப் போனவனுக்கு ஊரில் ஒரு மவுசு உண்டு. எங்கள் மதுரைத் தெருவுக்கு துபாயிலிருந்து ஒருவன் வந்தால், சென்ட் வாசனையை வைத்தே யாரென்று சொல்லிவிடுவார்கள். நான் ஐதராபாத்திலிருந்து போனால், "என்னப்பா, அங்க காரம் ரொம்ப ஜாஸ்தியாமே?" என்று ஒரே ஒரு கேள்வி. அதோடு என் பெருமை முடிந்தது. ரயில் போகிற ஊர்தானே, இதில் என்ன இருக்கிறது என்று நினைக்கிறார்கள். ஐயா, பாஸ்போர்ட் இல்லாமல் போகிற வெளிநாடும் உண்டு. வருகிற பஸ் எந்த ஊர் பஸ் என்று படிக்கத் தெரியாமல் நின்ற இடத்திலேயே நின்றவனைக் கேட்டுப் பாருங்கள்.

அமீர்பேட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ் படிக்க வந்தேன். முடித்த கையோடு திரும்பிவிடுவேன் என்று அம்மாவிடம் சத்தியம் பண்ணாத குறை. கோர்ஸ் முடிந்தது, வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, மீசையும் நரைக்க ஆரம்பித்துவிட்டது. இன்னமும் அதே அமீர்பேட்டில், மெட்ரோ சத்தம் கேட்கிற வீட்டில்தான் இருக்கிறேன். போன தடவை மதுரையில் ஆட்டோக்காரர் "பெரியார் நிலையம்தானே?" என்று கேட்டதற்கு வாய் தவறி "ஹவ்" என்று சொல்லிவிட்டேன். ஆமாம் என்பதற்கு இங்கே அப்படித்தான் சொல்வோம். அவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, வடக்கத்தி ஆள் என்று முடிவு செய்து, சுற்றிக்கொண்டு போனார்.

எத்தனை வருஷமானாலும் பொங்கலுக்கு மட்டும் ஊரில் இருந்துவிடுவேன். இந்த வருஷம் அதுவும் போச்சு. சங்கராந்தி வந்தால் ஐதராபாத்தில் பாதி ஊர் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடும். நான் லீவு கேட்டு, மேனேஜர் யோசித்து, சரி என்று அவர் தலையாட்டுவதற்குள் ரயிலில் நிற்கக்கூட இடமில்லை. ஆகவே முதல் தடவையாக சங்கராந்தியன்று இந்த ஊரில் மாட்டிக்கொண்டேன். கீழே சொல்லப்போகிற கூத்துக்கெல்லாம் அதுதான் காரணம்.

2

என் தங்கை செல்வியும் இங்கேதான் இருக்கிறாள். வேலை தேடி என்னோடு வந்து தங்கியவள், கூட வேலை பார்த்த பிரவீணைக் கட்டிக்கொண்டு குகட்பள்ளிக்குப் போய்விட்டாள். பிரவீண் வீட்டார் குண்டூர்ப் பக்கம். நல்ல மனிதர்கள். அவர்கள் வீட்டு ஊறுகாயைத் தவிர வேறெதிலும் எனக்குப் பயமில்லை.

செல்விக்கு ஒரு மகள், ஆத்யா. மூன்று வயது. எனக்கும் என் மனைவி கலாவுக்கும் பிள்ளை இல்லை. அது ஆறிப்போன விஷயம், அதைச் சொல்லி அழ வரவில்லை. ஆனால் எங்கள் இருவருக்கும் சேர்த்து உலகத்தில் இருக்கிற ஒரே குழந்தை இவள்தான். நான் இவளுக்குத் தாய்மாமன். மதுரைப் பக்கம் தாய்மாமன் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காது குத்த என் மடி வேண்டும். சடங்குக்கு என் சீர் வேண்டும். மேளத்தோடு தட்டுகள் வரிசையாகப் போகும்போது நடுவில் நடக்கிறவன் நான்.

அப்பேர்ப்பட்ட என்னை அந்தக் குழந்தை "அங்கிள்" என்று கூப்பிடுகிறது.

அங்கிள் என்றால் அவளுக்குப் பேன்ட் போட்ட ஆம்பளை, அவ்வளவுதான். சிலிண்டர் போடுகிறவர் அங்கிள். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர் அங்கிள். அந்த வரிசையில் நானும் ஒரு அங்கிள். இதில் பிரவீணின் தம்பி ஸ்ரீகாந்தைக் கண்டால் மட்டும் "பாபாய்!" என்று கத்திக்கொண்டு ஓடிப்போய் இடுப்பில் ஏறிக்கொள்வாள். பாபாய் என்றால் சித்தப்பா. அவன் அப்படியென்ன செய்துவிட்டான்? ஒரு தடவை யானைபோல் குனிந்து நடந்தான், அவ்வளவுதான். நானும் நடந்து பார்த்தேன். எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது, அவள் அழுதாள்.

"இந்தா பாருடி, இது அங்கிள் இல்ல, மாமா. சொல்லு, மா-மா" என்று செல்வி சொல்லிக்கொடுத்துப் பார்ப்பாள். குழந்தை அம்மாவின் சுடிதாருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அங்கிள்" என்று அங்கிருந்தே குரல் கொடுக்கும். சிரித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வருவேன். கலாவுக்குத் தெரியும், டீ போட்டுக் கொடுத்துவிட்டு விலகிப் போய்விடுவாள்.

3

போகிக்கு முதல்நாள் செல்வி போன் பண்ணினாள்.

"அண்ணே, நாளைக்கிச் சாயங்காலம் பாப்பாவுக்கு வீட்ல சின்னதா ஒரு ஃபங்ஷன். சொந்தக்காரங்க, பக்கத்து ஃப்ளாட்டுக்காரங்க எல்லாம் வாராக. அரிசெலு, அதான் நம்ம அதிரசம், புளியோதரை எல்லாம் ஆளாளுக்குக் கொண்டாராங்க. நீயும் அண்ணியும் வந்துருங்க."

"நான் என்னம்மா கொண்டாரணும்?"

"நீ ஒண்ணும் செய்ய வேணாம்ணே. சாப்பாட்டுக்கு அப்பறம் எல்லாருக்கும் குடுக்க பழம் மட்டும் வாங்கிட்டு வா, போதும். பாப்பா பழம்னா உசுர விட்ருவா. ஆனா பாக்க அழகா இருக்கணும் மகாராணிக்கு. இல்லைன்னா தொட மாட்டா."

போனை வைத்ததும் எனக்குள் யாரோ விளக்கைப் போட்டார்கள். பழம். அழகான பழம். ஒரு பயலின் யானை நடையைப் பழத்தாலேயே அடித்துவிடலாம்.

போனில் தேடினேன். ஒரு வெள்ளைக்காரம்மா பழத்தில் மயில் செய்து காட்டினார். பேரிக்காய் உடம்பு, கிராம்பில் கண், பின்னால் திராட்சையும் மாதுளையும் விசிறிபோலத் தோகை. எல்லாம் ஐந்தே நிமிஷம் என்றார். அந்தம்மாவை நான் எங்கே பார்த்தாலும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

கடைக்குப் போனேன். மெட்ரோ தூணடியில் தள்ளுவண்டி வைத்திருக்கும் பாய் எனக்குப் பழக்கம். திராட்சை, மாதுளை, பேரிக்காய் எல்லாம் எடுத்தபிறகு, வண்டியின் ஓரத்தில் குவித்து வைத்திருந்த இலந்தைப்பழத்தைப் பார்த்தேன். சிவப்பும் மஞ்சளுமாக உருண்டை உருண்டையாக இருந்தது. மயிலைச் சுற்றி பார்டர் கட்டினால் எடுப்பாக இருக்கும் என்று தோன்றியது. அதையும் கேட்டேன்.

"கித்னே பச்சே ஹைஜி கர் மே?" என்றார். வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்கிறார்.

"ஒரு பொண்ணு" என்றேன் எனக்குத் தெரிந்த இந்தியில்.

"முபாரக், முபாரக்" என்று வாழ்த்திவிட்டு, ஒரு முழம் கரும்பையும் எடுத்து வைத்தார். இலந்தைப்பழம் வாங்குகிறவனை எதற்கு வாழ்த்துகிறார், கூடக் கரும்பு எதற்கு? பண்டிகை நாள், வியாபாரி குஷியாக இருக்கிறார் என்று விட்டுவிட்டேன். கரும்பையும் துண்டு போட்டு பார்டரில் சேர்க்கலாம், இனிப்பான யோசனைதான்.

மறுநாள் காலையிலிருந்து அடுப்படி என் கையில். கலா வாசற்படியில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தாள். நடுவில் மதுரையிலிருந்து அம்மா வீடியோ காலில் வந்தாள்.

"என்னடா முருகேசா, கத்தியும் கையுமா நிக்கிற?"

"செல்வி வீட்டு விசேசத்துக்குப் பழத்தட்டும்மா. வெட்டி அடுக்குறேன்."

"வெட்டியா கொண்டு போறே? தாய்மாமன் கொண்டு போற தட்டுல பழத்த வெட்டியா வைப்பாக? மொய் வைக்கும்போது நோட்டக் கிழிச்சா வைப்பே?"

"அம்மா, இங்க அப்படித்தான். இது ஃப்ரூட் பிளேட்டு."

"என்னமோ போ. சம்பந்தகாரவுக முன்னாடி மானத்த வாங்கிறாத" என்று சொல்லிவிட்டு அம்மா போனை வைத்தாள். மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. எங்கள் ஊரில் சீர்த் தட்டில் பழம் முழுசாகத்தான் இருக்கும். அதனால் பேரிக்காயையும் கரும்பையும் தவிர வேறு எதையும் வெட்டுவதில்லை என்று அந்த நிமிஷம் முடிவு செய்தேன். ஆப்பிள், பப்பாளி எல்லாம் ரத்து. திராட்சையும் கையால் உடைத்து உதிர்த்த மாதுளை முத்தும் இலந்தையுமே தோகை.

தோகையைக் குச்சி குத்தி நிறுத்த வேண்டும் என்று வெள்ளைக்காரம்மா சொல்லியிருந்தார். கலா விடவில்லை. "பச்சப்புள்ள வாயில குத்திரும். ஒண்ணும் வேணாம், சும்மா பரப்பி வைங்க." சரி, பரப்பி வைத்தேன். தட்டு வெறிச்சென்று தெரிந்த இடத்தில் செவ்வந்திப் பூவை உதிர்த்துத் தூவினேன். கடைசியாக என் துருப்புச் சீட்டை எடுத்தேன். தங்கக் காகிதம் சுற்றிய காசு மாதிரி சாக்லேட். அதை மயிலைச் சுற்றி ஜொலிக்கிற மாதிரி வைத்தேன். எந்தக் குழந்தை இதைத் தாண்டிப் போகும்?

தள்ளி நின்று பார்த்தேன். எனக்கே கண் கூசியது.

"எப்படி இருக்கு?"

"கோழி நல்லாருக்கு" என்றாள் கலா.

4

அந்த அடுக்குமாடியின் கேட்டைத் தாண்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. வாட்ச்மேன் கையில் ஒரு போன் இருக்கும். வந்தவர் யார் என்று அதில் தட்டினால்தான் மேலே தகவல் போகும், மேலே ஒத்துக்கொண்டால்தான் கேட் திறக்கும். தட்டுவதற்கு அதில் இருப்பவை கெஸ்ட், டெலிவரி, கேப், ரிப்பேர். தாய்மாமன் என்று ஒன்று இல்லை. அந்த ஆப்பை எழுதியவன் எந்த ஊர்க்காரனோ.

வாட்ச்மேன் புதுசு. என் கையில் பிளாஸ்டிக் தாள் சுற்றிய தட்டைப் பார்த்தான். யோசிக்கவே இல்லை, டெலிவரியைத் தட்டினான். ஸ்பீக்கரில் செல்வியின் மாமியார் சுசீலம்மாவின் குரல் கேட்டது.

"அக்கட பெட்டமனண்டி."

அங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார். பட்டு வேட்டி கட்டி, மீசைக்கு மை போட்டு, மயிலைச் சுமந்து வந்தவனை! கலா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். செல்விக்கு போன் போட்டு, அவள் சொல்லி, எங்களை விட்டார்கள். அப்போதும் சும்மா விடவில்லை, சாமான் ஏற்றுகிற லிஃப்ட்டைத்தான் காட்டினான்.

கதவைத் திறந்தது ஆத்யா. பட்டுப் பாவாடை, நெற்றிச்சுட்டி, கை நிறைய வளையல். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள்.

"மம்மீ, அங்கிள் வச்சாடு!" அங்கிள் வந்தாச்சாம்.

5

ஹாலில் கூட்டம். நடுவில் ஒரு குட்டி நாற்காலி, அதைச் சுற்றிக் கோலம். எதற்கு என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. தட்டைச் சாப்பாட்டு மேஜையில் வைக்கலாம் என்று போனவனை சுசீலம்மா பாதியில் நிறுத்தினார். பிளாஸ்டிக் தாளை விலக்கிப் பார்த்தார். இலந்தை, கரும்புத் துண்டு, பூ, காசு. அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை.

"சூசாரா! மேனமாம தெச்சாடு!" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். பார்த்தீர்களா, தாய்மாமன் கொண்டுவந்திருக்கிறார் என்கிறார். பெண்கள் எல்லாரும் எட்டிப் பார்த்து "ஆஹா" என்றார்கள். பூஜையறையிலிருந்து யாரோ எடுத்து வந்த இன்னொரு தட்டை, "அது இருக்கட்டும், இதுதான் முதல்" என்று தெலுங்கில் சொல்லித் திருப்பி அனுப்பினார். அந்தத் தட்டை நான் பார்த்தேன். அதிலும் இலந்தை, கரும்புத் துண்டு, பூ, சில்லறைக் காசு. மயில் மட்டும்தான் இல்லை.

செல்வி கூட்டத்தை இடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, இதுதான் போகிப் பழம்னு உனக்கு யாரு சொன்னா?"

"என்னது போகிப் பழம்?"

"போச்சு. போகியன்னிக்கி இவங்க வீட்ல சின்னப் புள்ளைகள உக்கார வச்சு இலந்தப்பழத்தத் தலையில கொட்டுவாகண்ணே. கண்ணு பட்டதெல்லாம் போயிரும்னு. உன் தட்டத்தான் இப்பக் கொட்டப் போறாக."

"அடியே, இது திங்கிறதுக்குடி! காலையிலருந்து நின்னு செஞ்சேன்! மயிலு!"

"வாயத் தொறக்காத. அத்தை எவ்வளவு சந்தோசமா இருக்காகன்னு பாரு."

பார்த்தேன். சுசீலம்மா ஆத்யாவைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு என் பக்கம் கையை நீட்டினார். "ரண்டி பாபு, முந்து மீரே." முதலில் நீங்கள்தான் கொட்ட வேண்டும் என்கிறார். கூட்டம் வழிவிட்டது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக இந்த ஊரில் எனக்கு ஒரு கூட்டம் வழிவிட்டது. மேளம் ஒன்றுதான் பாக்கி.

ஆனால் பயம் வேறு. நான் கிட்டே போனாலே முகத்தை மூடிக்கொள்கிற பிள்ளை. அவள் தலையில் கண்டதையும் கொட்டினால் வீறிட்டு அழுவாள். இத்தனை பேர் முன்னால் என்னைப் பார்த்து அழுதுவிட்டாள் என்றால், பிறகு எந்த ஜன்மத்திலும் நான் மாமா ஆக முடியாது. இது திங்கிற பழம் என்று சொல்லித் தப்பித்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். தட்டும் பிழைக்கும், நானும் பிழைப்பேன். ஸ்ரீகாந்த் பக்கத்தில் கையைத் துடைத்துக்கொண்டு தயாராக நின்றான். அவன் முதலில் கொட்டுவதா? கையை விட்டேன் தோகைக்குள்.

இலந்தை, திராட்சை, பூ, ஒரு தங்கக் காசு. ஆத்யா கண்ணை இறுக மூடி, உதட்டைப் பிதுக்கிக்கொண்டாள். அழுகைக்கு முந்தின உதடு அது, எனக்கு நன்றாகத் தெரியும். தலையைச் சுற்றி, மெதுவாக விட்டேன். இலந்தை உருண்டு மடியில் விழுந்தது. பூ நெற்றிச்சுட்டியில் மாட்டிக்கொண்டது. ஒரு திராட்சை கன்னத்தில் வழுக்கிக்கொண்டே வந்து வாயோரம் நின்றது. நாக்கை நீட்டி அதை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

மென்றாள். கண்ணைத் திறந்தாள். நேராக என் கண்ணைப் பார்த்தாள். மூன்று வயசில் முதல் தடவை.

"மள்ளீ" என்றாள்.

மறுபடியும் வேண்டுமாம். கொட்டினேன். "மள்ளீ!" இன்னொரு கை. "மள்ளீ!" பின்னால் பெண்கள் வரிசை கட்டி நிற்கிறார்கள், முறை தவறுகிறது, எனக்கென்ன வந்தது? மாதுளை முத்து விழுந்து பட்டுப் பாவாடை சிவந்தது, செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியில் சுசீலம்மாவே என்னை நகர்த்திவிட்டு ஸ்ரீகாந்தைக் கூப்பிட்டார். அவன் ஒரு கை அள்ளிக்கொண்டு யானை மாதிரி ஆடி ஆடி வந்தான். ஆத்யா அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"நக்கோ!"

வேலைக்கு வரும் அம்மாவிடம் கற்றுக்கொண்ட உருது. வேண்டாம் என்று அர்த்தம். இதைவிட இனிமையான சொல்லை நான் எந்தப் பாஷையிலும் கேட்டதில்லை. ஸ்ரீகாந்தின் முகம் போன போக்கை வர்ணிக்க மாட்டேன். சம்பந்தி வீட்டுப் பிள்ளை, மரியாதை முக்கியம்.

தரையில் சிதறிய சாக்லேட் காசுக்கு மற்ற குழந்தைகள் முட்டி மோதினார்கள். சாப்பாடெல்லாம் முடிந்தபிறகு பிரவீண் என்னிடம் வந்து, மச்சான், கொண்டுவருவதாகச் சொன்ன பழத்தட்டு எங்கே என்று தெலுங்கில் கேட்டான். "பாவா, ஃப்ரூட் பிளேட் தெஸ்தானன்னாரு கதா, எக்கட?"

"பாப்பா தலையில" என்றேன்.

தட்டில் பேரிக்காய் உடம்பு மட்டும் மொட்டையாக நின்றது. அதன் கிராம்புக் கண் ஒன்றைக் காணோம்.

கிளம்பும்போது ஆத்யா செல்வி இடுப்பிலிருந்து கையை ஆட்டினாள். நான் நின்றேன். கலாவும் நின்றாள். லிஃப்ட் வந்து திறந்து காத்திருந்தது.

"பை அங்கிள்" என்றாள்.

ஆட்டோவில் வரும்போது கலா என் கையில் ஒட்டியிருந்த மாதுளைச் சாற்றைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டாள்.

6

மறுநாள் பொங்கல். பால் பொங்கியதும் அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டினேன். பழத்தட்டு என்ன ஆனது என்று கேட்டாள். எல்லாருக்கும் பிடித்தது, ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றேன். பொய் இல்லையே.

போனை வைத்ததும் செல்வி கூப்பிட்டாள். குரலே சரியில்லை.

"அண்ணே, நீ என் வீட்டுக்கு வந்து என்ன வேல பண்ணிட்டுப் போயிருக்க தெரியுமா? காலையிலருந்து இவ ஒரு பழம் திங்க மாட்டேங்குறா. தட்டுல வச்சா தள்ளி விடுறா. தலையில கொட்டுனாத்தான் திம்பாளாம்."

"கொட்ட வேண்டியதுதானே?"

"கொட்டாம இருப்பனா? நான் கொட்டுனேன், வேணாங்குறா. அவ அப்பா கொட்டுனாரு, வேணாங்குறா. அவ பாபாயி வந்து கொட்டிப் பாத்தான், அவன் மேலயே தூக்கி எறியுறா. வீடெல்லாம் ஒரே பிசுபிசுப்பு. எங்க மாமியாரு வழுக்கி விழப் பாத்தாங்க. இந்தா, நீயே பேசு."

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. பிறகு மூச்சு. குழந்தைகள் போனில் முதலில் மூச்சுத்தான் விடும். என்ன வார்த்தை வந்தாலும் சரி என்று காதில் வைத்துக்கொண்டு நின்றேன். கலா அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள்.

"மாமா" என்றது போன். "பள்ளு போய்யி."

பழம் கொட்டு என்கிறாள்.

யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. செல்வி பின்னால் நின்று வாயசைத்திருக்கலாம், சுசீலம்மா 'மேனமாம' என்று ராத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்திருக்கலாம். கலா அழுதுவிட்டாள். நானும்தான், எழுத வெட்கமென்ன?

பொங்கலை ஆறவிடாமல் செருப்பை மாட்டினேன். தள்ளுவண்டி பாய் என்னைப் பார்த்ததும் இலந்தைப்பழத்தை அள்ளப் போனார். வேண்டாம் பாய், அதில் கொட்டை இருக்கிறது என்று சொல்லி, திராட்சை வாங்கினேன். ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, நல்ல மெத்தென்று இருப்பதாக. தலையில் விழுந்தால் வலிக்கக் கூடாது.